டயர்க் கம்பெனியில் ஒரு பங்கு

மார்த்தாண்டம் சாலையில் என் அண்ணன் டயர் கொளுத்திய காலையில், அவன் மறித்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்து நான் டயர்க் கம்பெனியின் பங்குகளை வாங்கிக்கொண்டிருந்தேன். திட்டம் போட்டுச் செய்ததல்ல. பங்குச் சந்தை திறக்கிற நேரமும் மறியல் தொடங்கிய நேரமும் ஒன்றாகப் போயிற்று, அவ்வளவுதான்.

ரப்பர்ப் பாலை உறையவைத்து அடித்த ஷீட்டின் விலை அந்த வாரம் மறுபடியும் விழுந்திருந்தது. டயர்க் கம்பெனிகள் வெளிநாட்டு ரப்பரை இறக்கி எங்கள் கழுத்தை அறுக்கின்றன என்று விவசாயிகள் சங்கம் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பழைய லாரி டயர்களை நடுரோட்டில் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். கரும்புகை பஸ்ஸுக்குள் புகுந்ததும் எல்லோரும் கையில் கிடைத்த துணியால் மூக்கைப் பொத்தினோம். டிரைவர் பொறுமையிழந்து வண்டியை ஓரமாக நகர்த்தப் பார்த்தார். புகைக்குள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவன் ஓடிவந்து முன்கண்ணாடியில் கம்பால் ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியில் கண்ணாடி உதிர்ந்து டிரைவரின் மடியில் கொட்டியது. அடித்தவன்தான் என் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் காணிக்கைப் பை எடுக்கிறவன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கம்பை இறக்கியிருக்க மாட்டான். நான் குனிந்து போனில் வாங்கும் பட்டனை அழுத்தினேன். வெளியே டயர் முதலாளி ஒழிக என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சம் எதுவும் வரவில்லை. இவ்வளவு கோபத்தை இந்த மனுஷன் ஒரு அரசாங்க பஸ்மேல் கொட்டி வீணாக்குகிறானே என்ற எரிச்சல்தான் வந்தது. எனக்கும் அதே அளவு கோபம் உண்டு, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நான் என்னுடையதை வேறிடத்தில் போட்டுவைத்திருந்தேன்.

எங்கள் விளை சிதறால் மலைக்கு அந்தப்பக்கம், ஒரு சரிவில் இருக்கிறது. மரம் நிற்கும் தோட்டத்தை நாங்கள் விளை என்போம். முழுக்க ரப்பர். அப்பா சாவதற்கு முன் அதை இரண்டாக்கி, ரோட்டை ஒட்டிய மேல்பாதியை அண்ணனுக்கும் ஓடைக்கு அப்புறமுள்ள கீழ்ப்பாதியை எனக்கும் எழுதிவைத்தார். என் வீடு ஓடையின் இக்கரையில், கீழ்ப்பாதியைப் பார்த்து நிற்கிறது. பெண்ணுக்கு எதற்கு நிலம் என்று கேட்ட உறவுக்காரரைச் செருப்பைக் கழற்றி அடித்தார். எங்கள் வீட்டில் நியாயம்கூட அடியோடுதான் வரும். அப்பாவின் பெல்ட் போட்ட தழும்பு அண்ணன் தோளில் இன்றும் இருக்கிறது. எனக்கு ஒரு பல் ஓரம் உடைந்திருக்கிறது. அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை, நாங்களும் உட்பட.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். விளையின் இரண்டு பாதியையும் அண்ணனே சேர்த்துப் பார்த்தான். பால் வெட்ட ஆள் வைப்பது, ஷீட் அடிப்பது, புகை போடுவது, கடையில் கொண்டுபோய் விற்பது எல்லாம் அவன் பொறுப்பு. எனக்கு வரவேண்டியதை மாதக் கடைசியில் மைனி, அதாவது அவன் மனைவி, கொண்டுவந்து தருவாள்.

எங்கள் பக்கத்து வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரே மரத்தில் தொங்குகிறது. பிள்ளைகள் படிப்பு, வீடு கட்டுவது, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம். ஷீட் விலை ஏறினால் நகைக்கடையில் நிற்க இடமிருக்காது. விலை இறங்கினால் வீட்டுக்கு வீடு அடி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே இதைக் கவனித்திருக்கிறேன். விலை விழுந்த மாதங்களில் ஆராதனைக்கு வரும் பெண்கள் முக்காட்டை இறக்கி விட்டிருப்பார்கள், கன்னம் தெரியாமலிருக்க. ஷீட் விழும்போது கூடவே விழாத ஒன்று என் கையில் வேண்டும் என்ற வெறி எனக்கு அப்போதே பிடித்திருக்க வேண்டும். பங்குச் சந்தைக்கு நான் ஆசையினால் போகவில்லை, ஆத்திரத்தினால் போனேன்.

போன புதிதில் நானும் முட்டாள்தனம் செய்தேன். கூட வேலை பார்த்தவர் சொன்னார் என்று, என்ன தயாரிக்கிறது என்றே தெரியாத ஒரு கம்பெனியை வாங்கினேன். அது விழுந்த விழுகையில் போனைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். உடைந்த துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் புத்தி வந்தது. எனக்கு இந்த உலகத்தில் என்னதான் தெரியும்? ஷீட் தெரியும். மழை நீண்டால் பால் என்னாகும், இறக்குமதி வரி குறைந்தால் கடைக்காரன் முகம் எப்படி மாறும், இதெல்லாம் தெரியும். சரி, அந்த ஷீட் கடைசியில் யாரிடம் போகிறது? டயர்க்காரனிடம். எங்களுக்கு விலை விழுந்தால் அவனுக்குச் செலவு குறைகிறது. இரண்டு காலாண்டு கழித்து அவன் லாபம் எழும்புகிறது. எங்களுக்கு ஏறினால் அவனுக்கு உதை. எங்களை உதைக்கிறவனையே வாங்கிப்போட்டால், உதை விழும் நாளில் ஒரு கையாவது மேலே இருக்கும்.

அதிலிருந்து சந்தையில் எனக்கென்று ஒரு வெட்டுமுறை வைத்துக்கொண்டேன். ஷீட் விலை சரியத் தொடங்கியதும், வேறு யாரும் கவனிக்கும் முன்னால், டயரை வாங்கு. அவன் லாபம் கணக்கில் தெரிந்து ஊரே வாங்க ஓடி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக விற்க ஆரம்பி. கடன் அதிகம் வைத்திருக்கும் கம்பெனியைத் தொடாதே. செயற்கை ரப்பர் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது, ஆகவே எண்ணெய் விலையையும் பார். டயரை மட்டும் நம்பிக் கிடக்காதே, சோப்புக் கம்பெனி, மருந்துக் கம்பெனி, ஒரு பாங்கு என்று பக்கத்தில் நட்டுவை. எதுவும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்தால் இரக்கம் பார்க்காமல் வெட்டு. சந்தை சரிந்து சிவந்து கிடக்கும் நாட்களில் வெறும் வயிற்றில் எதையும் விற்காதே. இந்தக் கடைசி விதியை நான் பல தடவை மீறியிருக்கிறேன்.

இத்தனையும் எதற்கு என்றால், மரம் நிற்பதற்கு. விலை விழும்போது பால்வெட்டுக் கூலியே ஷீட் விற்பதைத் தாண்டிவிடும். அப்போது விளைக்காரன் வெட்டை நிறுத்துவான், பிறகு மரத்தையே தள்ளிவிடுவான். எங்கள் மரங்கள் அப்பா கடைசியாக நட்டவை. நல்ல பால் பிடித்து நின்ற வயது. டயரில் வருவதை வைத்துக் கெட்ட காலத்துக் கூலியைக் கொடுத்து, நல்ல காலம் வரும்வரை அவற்றை நிறுத்திவைக்க வேண்டும். என் பங்குத் தொகுப்புக்கு வேறு நோக்கமே கிடையாது.

மறியல் முடிந்த சில மாதங்களில் விலை இன்னும் கீழே போயிற்று. அண்ணன் ஒருநாள் காலையில் ஒரு குத்தகைக்காரனைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். விளையை அப்படியே கடும்வெட்டுக்கு விடப்போகிறானாம்.

கடும்வெட்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரணமாக ரப்பர் மரத்தில் ஒரு பக்கத்தில், பட்டையை மட்டும் மயிரிழை கனத்துக்குச் சீவுவார்கள். மரம் ஆறும், பட்டை திரும்ப வரும். மரம் இனி வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்தக் கருணை தேவையில்லை. சுற்றிலும் வெட்டுவார்கள், ஏணி வைத்துக் கிளைக் கவடுவரை வெட்டுவார்கள், மருந்து பூசிப் பாலைக் கறப்பார்கள். மரம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டு நின்றபடியே வற்றும். அப்புறம் அறுத்துத் தடியாக லாரியில் ஏற்றுவார்கள்.

"ரெண்டு பாதியும் சேத்துக் கேக்காரு. நல்ல ரேட்டு," என்றான் அண்ணன்.

"எனக்க பாதியைத் தொடாதே," என்றேன்.

"கூலி நீ குடுப்பியா? ஷீட் எடுக்க ஆளில்ல ஏட்டி. மரத்தை வச்சு என்ன செய்யப்போறே, கும்பிடப்போறியா?"

"கூலி நான் குடுக்குதேன். ஒனக்க பாதிக்கும் சேத்துக் குடுக்குதேன். வெட்டாண்டாம்ணே. வெலை திரும்பும்."

"திரும்பும் திரும்பும்னு எத்தனை வருசம்? ஒனக்க ஆபீஸ் சம்பளத்திலே எனக்க விளையை ஓட்டணுமோ?" என்று சொல்லிக் காறித் துப்பினான். குத்தகைக்காரன் என் மரங்களைக் கண்ணால் அளந்துகொண்டே நின்றான். எனக்கு அவன் கண்ணில் விரலை விட்டு நோண்டலாம் போலிருந்தது.

அண்ணன் தன் பாதிக்கு முன்பணம் வாங்கிவிட்டான். என் பாதி மட்டும் தப்பி நின்றது. அந்த மாதத்தில்தான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது.

பண்டிகை அன்று விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து படைப்போம். வாழைக்குலை, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, தேங்காய், சேவல், சக்கை என்கிற பலாப்பழம் எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஏலத்தில் பொருளுக்கு விலை கிடையாது, கேட்கிறவனின் மானத்துக்குத்தான் விலை. ஒரு சேவலை ஆட்டு விலைக்கு எடுத்துவிட்டு வீட்டில் போய்ப் பட்டினி கிடப்பார்கள். சந்தையை நான் முதலில் பார்த்ததே அங்கேதான். எங்கள் வீட்டிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு ஷீட் போகும். அதை எங்கள் வீட்டாரே எடுப்பது அப்பா காலத்திலிருந்து வழக்கம். ஊரிலும் யாரும் அதில் குறுக்கே விழமாட்டார்கள். ஒரு கேள்வி, இரண்டு கேள்வி, முடிந்தது.

அந்த வருஷம் ரப்பர்க் கடைக்காரர் குறுக்கே விழுந்தார். மறியலன்று அண்ணன் அவரை டயர்க்காரனின் கைக்கூலி என்று பத்துப் பேர் முன்னால் வைதிருந்தான். அவர் அதை மறக்கவில்லை. அண்ணன் ஒரு தொகை சொன்னான், அவர் சிரித்துக்கொண்டே கூட்டிச் சொன்னார். அண்ணன் கூட்டினான், அவர் மறுபடி கூட்டினார். ஒரு ஷீட்டுக்கு ஒரு கட்டு ஷீட்டின் விலை வந்தது. பிறகு இரண்டு கட்டின் விலை. அண்ணனின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. சட்டைப் பையில் இருந்தது அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. ஏலம் விடுகிறவர் ஒரு தரம் சொல்லி, இரண்டு தரமும் சொல்லிவிட்டார்.

நான் பெண்கள் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினேன். கடைக்காரர் கனவிலும் தொடமுடியாத ஒரு தொகையைச் சொன்னேன். போதகர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஷீட் என் கைக்கு வந்தது.

அப்பாவின் வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் நான் நின்றேன். அண்ணனுக்கு அது அப்படித் தெரியவில்லை. தன்னால் முடியாததைத் தங்கச்சி ஊர் பார்க்கச் செய்துகாட்டினாள் என்றுதான் தெரிந்தது. நேராக என்னிடம் வந்தான்.

"எங்கேருந்துட்டி இவ்வளவு ரூவா?"

"வீட்டிலே போய்ப் பேசுவம்."

"இஞ்ச சொல்லு. எவன் தந்தான்?"

அந்த எவன் என்ற வார்த்தையில் அவன் வைத்த அழுக்கு எனக்குப் புரிந்தது, சுற்றி நின்றவர்களுக்கும் புரிந்தது. இனி மறைப்பதற்கு எனக்கு என்ன வந்தது?

"டயர்க் கம்பெனிக்காரன் தந்தான். ஒனக்கு வெலை விழுந்தப்போ எல்லாம் எனக்கு ஏறிச்சு. நீ டயரைக் கொளுத்தினே, நான் வாங்கினேன்."

அடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. அண்ணன் கை அப்பாவின் கையைவிடக் கனம். நான் கீழே விழவில்லை. கையிலிருந்த ஷீட்டைச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தேன். புகைபோட்ட ஷீட் லேசான சாமான் அல்ல. அவன் மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. சபை முற்றத்தில், மரச்சீனிக்கும் வாழைக்குலைக்கும் நடுவில், அறுபதை நெருங்கும் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் அடித்தோம். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள். கடைக்காரர் மட்டும் நகராமல் நின்று முழுவதையும் பார்த்தார்.

மறுநாள் விடியும்போது ஓடைக்கு அந்தப்பக்கம் கத்திச் சத்தம் கேட்டது. பால்வெட்டுச் சத்தம் எனக்குத் தெரியும், அது சரக்கென்று மென்மையாகப் போகும். இது கொத்துகிற சத்தம். நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

என் பாதியில் அண்ணன் தனியாக நின்று வெட்டிக்கொண்டிருந்தான். ஓடையை ஒட்டிய முதல் வரிசை முழுவதும் முடிந்திருந்தது. ஒவ்வொரு மரத்திலும் சுற்றிச் சுற்றி, உள்ளிருக்கும் தடி தெரிய, பட்டையைப் பிளந்து போட்டிருந்தான். எந்த மரத்திலும் பால் பிடிக்கும் சிரட்டை வைக்கவில்லை. பால் மரத்தில் ஒழுகி வேரில் வடிந்து மண்ணில் பரந்து கிடந்தது. அவன் அதை மிதித்தபடி அடுத்த மரத்துக்குப் போனான். மூக்கு வீங்கிக் கண்வரை கறுத்திருந்தது.

"டயர்க்காரனுக்க மரம்தானே," என்றான் என்னைப் பார்க்காமல். "இதை எதுக்கு நிறுத்தணும்?"

நான் அடுத்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கேட்கக் கேவலமாக இருக்கலாம், எனக்கு வேறு வழி தோன்றவில்லை. விலகு என்றான். விலகவில்லை. என் தோளைப் பிடித்து இழுத்தான், நான் அவன் கையைக் கடித்தேன். கத்தி இறங்கியது. முழங்கைக்குக் கீழே தோல் வாயைத் திறந்ததுபோல் விரிந்தது. முதலில் ரத்தமே வரவில்லை. பிறகு நிற்காமல் வந்தது.

வேண்டுமென்று வெட்டினானா என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாமலே இருந்தது. மரத்துக்கு ஓங்கிய கத்தி என்று மைனி சொல்வாள். மைனிதான் முதலில் ஓடிவந்தாள். முந்தானையைக் கிழித்து என் கையை இறுக்கிக் கட்டிவிட்டு, கீழே கிடந்த கத்தியை எடுத்தாள். முப்பது வருஷமாக அவன் அடியைத் தின்றவள், அதை அவன் கழுத்துக்கு நேராக நீட்டினாள்.

"இனி இந்த ஓடையைத் தாண்டினா ஒனக்க கழுத்தை நான் அறுப்பேன். வண்டியை எடு. நெய்யூருக்குப் போணும்."

அவன் வண்டியை எடுத்தான். நெய்யூர் ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். சக்கை வெட்டும்போது என்றேன். அண்ணன் கதவோரம் நின்றிருந்தான். அவன் சட்டை முழுவதும் என் ரத்தம்.

அதற்குப் பிறகு வந்த காலாண்டுக் கணக்கில் டயர்க் கம்பெனியின் லாபம் எல்லோர் கண்ணிலும் பட்டது. பங்கு விலை குதித்தது. டி.வி.யில் எல்லோரும் அதையே வாங்கச் சொன்னார்கள். என் விதிப்படி நான் விற்கத் தொடங்கினேன். வந்த தொகையில் அண்ணனின் முன்பணத்தைக் குத்தகைக்காரனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மைனியிடம் சொல்லியனுப்பினேன். மேல்பாதியில் கடும்வெட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது, பாதிக்குமேல் மரங்களைக் காப்பாற்றியிருக்கலாம். டயர்க்காரன் காசு தன் விளைக்குள் வந்தால் விளையோடு கொளுத்திவிடுவேன் என்று பதில் வந்தது. அவன் சொன்னால் செய்வான்.

மேல்பாதி வற்றிச் செத்தது. நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். ஏணிகள் சாய்ந்திருக்கும். தலைக்கு மேலே, கவட்டில், பால் வடிந்து காய்ந்திருக்கும். இலையுதிர்காலம் வராமலே இலை கொட்டியது. பிறகு ஒருநாள் வாள் மிஷின் வந்தது. சாயங்காலம் திரும்பி வரும்போது ரோட்டிலிருந்து என் மரங்கள் நேராகத் தெரிந்தன, நடுவில் ஒன்றுமே இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதுபோல் அழுதேன். என் பாதி தப்பியது எனக்கு ஆறுதலாகவே இல்லை. அப்பா நட்டது முழு விளை.

ஷீட் விலை அதற்குப் பிறகுதான் திரும்பியது. திரும்பியது என்றால் சும்மா இல்லை, நாங்கள் மறந்தேபோன உயரத்துக்கு ஏறியது. ஊரில் மறுபடி நகைக்கடைகள் நிரம்பின. அண்ணன் வெட்டவெளியான தன் பாதியில் மரச்சீனி நட்டுவிட்டு, காலையில் ஓடைக்கரையில் வந்து நிற்பான். நான் ஆள் வைத்துப் பால் வெட்டுவதைப் பார்ப்பான். ஓடையைத் தாண்ட மாட்டான். எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் தணிந்திருந்தது என்று சொன்னால் பொய். நன்றாகப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் வெட்டுக்காரர் வராமல் போனார். இரண்டு நாள் வெட்டு நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அண்ணன் என் மரத்தடியில் நிற்கிறான். கையில் கத்தி. என் தழும்பு தானாகவே இழுத்தது. அவன் குனிந்து, பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவி, சிரட்டையைத் திருத்திவைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். அன்றிலிருந்து அவன்தான் என் மரங்களை வெட்டுகிறான். ஷீட்டில் பாதி அவனுக்கு. அவன் கொத்திப்போட்ட முதல் வரிசையை மட்டும் தொடுவதில்லை. அதில் பாதி மரம் செத்துவிட்டது, மீதியில் பட்டை முண்டும் முடிச்சுமாக வந்திருக்கிறது.

ஷீட் ஏறியதால் டயர்க் கம்பெனிப் பங்கு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அது எப்படியோ தெரிந்துபோயிற்று. காலையில் பால் வெட்டிவிட்டுச் சாயா குடிக்க வரும்போது கேட்பான்.

"இன்னைக்கும் விழுந்தானா?"

"விழுந்தான்."

"சாவட்டு," என்று திருப்தியாகச் சாயாவை உறிஞ்சுவான். என் கையிலிருந்ததும் சேர்ந்துதான் சாகிறது என்பது அவனுக்குக் கூடுதல் சந்தோஷம்.

அப்படி ஒருநாள், அந்தக் கம்பெனியின் வருடாந்திரக் கூட்டம் வருகிறது, பங்கு வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் பார்க்கலாம், பெயர் கொடுத்தால் பேசவும் விடுவார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"முதலாளி இருப்பானா?"

"இருப்பார்."

"எத்தனை பங்கு வேணும், பேசணும்னா?"

"ஒண்ணு போதும்."

மறுநாள் ஆதாரும் பான் கார்டும் கொண்டுவந்து மேஜையில் போட்டான். "எனக்கு ஒண்ணு வாங்கு. அவனை நேருக்கு நேரா நாலு கேள்வி கேக்கணும். கிழிக்குதேன் பாரு."

கணக்குத் திறந்து, அவன் பெயரில் ஒரே ஒரு பங்கு வாங்கிக் கொடுத்தேன். பேசுவதற்குப் பெயரும் பதிந்தேன். வாங்கியபோது பட்டனை அவன்தான் அழுத்தினான், கொசுவை நசுக்குவதுபோல. கூட்டம் வரும்வரை விளையில் மரத்துக்கு மரம் திட்டிப் பழகினான். நான் காதில் வாங்கிய கெட்ட வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது.

அந்தக் காலையில் சீக்கிரமே பால் வெட்டிவிட்டு, குளித்து, சபைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். மைனி பின்னால் நின்றாள். முதலாளி திரையில் ஒரு வயதான மனிதர், அமைதியான முகம். பேச வந்தவர்கள் எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். அண்ணனின் முஷ்டி இறுகிக்கொண்டே வந்தது. அவன் பெயரை யாரோ கடித்துத் துப்பியதுபோல் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றுவிட்டான். திரையில் அவன் வயிறு மட்டும் தெரிந்தது. இருந்து பேசு என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் ரப்பர் விவசாயி," என்று தமிழில் தொடங்கினான். குரல் முற்றம் வரை கேட்டிருக்கும். "ஒங்களுக்கு டயர் செய்ய ஷீட் தந்தவன். நீங்க வெலையை..." அங்கே நின்றது. திட்டு வரப்போகிறது என்று நான் மியூட் பட்டன்மேல் விரலை வைத்தேன். அவன் திரையை விட்டுவிட்டு மேஜையைப் பார்த்துப் பேசினான்.

"வெலை விழுந்தப்போ எனக்க மரத்தை எல்லாம் நான் கொன்னேன். அப்பா நட்ட மரம். நிறுத்தச் சொன்னா எனக்க தங்கச்சி. கேக்கல்ல. அவளுக்க கையை அறுத்துப்போட்டேன். கை தவறி இல்ல. கோவத்திலே அறுத்தேன். அது ஒங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

முதலாளி தலையை ஆட்டி இங்கிலீஷில் நன்றி சொன்னார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் லாப ஈவு கூட்டிக் கொடுத்ததற்கு மகிழ்ச்சி தெரிவித்தார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைனி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தழும்பை நான் எப்போது பொத்திப் பிடித்தேன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லாததை, எங்கோ இருக்கும் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டான். அவன்மேல் எனக்குப் பாய்ந்து அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டு, "அவனுவளுக்கு மனசிலாச்சா?" என்றான்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுண்ணே."

"ஒனக்குத் தெரியும்லா," என்றான்.

எழுந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் போட்டான். சிரட்டைகளில் பால் நிறைந்திருக்கும், மழை இருட்டிக்கொண்டு வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது படியில் நின்றான்.

"அந்த ஒண்ணை விக்காதே கேட்டியா. ஏறினாலும் விக்காதே, எறங்கினாலும் விக்காதே."

சரி என்றேன். நானும் இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடையைத் தாண்டினேன்.